மேற்பார்வையிடப்பட்டு வந்துள்ளது

நவம்பர் 10, திங்கள்

ஏரி பதினைந்தரை அடி. நிரம்ப இருபத்து நான்கு அடி வேண்டும். அலுவலக வாசல் கரும்பலகையில் தினமும் காலையில் எழுதிப் போடுகிறார்கள்.

நான்காவது நாளாக மழை. எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவின் கூரை என் மேசைக்கு மேல் மட்டும் ஒழுகுகிறது. கண்காணிப்பாளர் கோதண்டபாணியின் மேசை காய்ந்து கிடக்கிறது. ஒரு வாளி கேட்டேன். "நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்களேன் சார்" என்றார். எனக்கு மேலே போய் ஆறு வருடம் ஆகியும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுகிறார். நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை, முதல் வகுப்பு. அவர் அஞ்சல் வழியில் மூன்றாம் முயற்சியில் தேறியவர். பதவி உயர்வுப் பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

துவைத்த சட்டைகள் மூன்று நாளாகக் காயவில்லை. ஈரச் சட்டையை இஸ்திரி போட்டே காயவைத்தேன். வீடு முழுக்கப் புழுங்கின நெல் வாசம்.

நவம்பர் 11, செவ்வாய்

பதினாறே முக்கால்.

இன்று நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். எதிர் டீக்கடையில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். ஏரி மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் அவர். தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன முனிரத்தினம், ஏரி நிரம்பிடுமா?"

"நிரம்பறது பிரச்சின இல்ல சார். மூணாம் மதகாண்ட கரையடியில தண்ணி கசியுது. அது பழைய சமாச்சாரம். இப்போ கலங்கலா வருது. தெளிவா வந்தா வெறும் தண்ணி. கலங்கி வந்தா கரையே கரைஞ்சு வருதுன்னு அர்த்தம்."

"மேல சொல்லலியா?"

"சொல்லாம? எஞ்சினியரு, ஏ.ஈ., புதுசு, ஜூலையில வந்தவரு. புத்தகத்தத் தொறந்து காட்டறாரு. 'இந்தாய்யா, மூணாம் மதகுக் கசிவு மேற்பார்வையில இருக்குன்னு நிபுணர் குழுவே எழுதிட்டாங்க. ரிப்பேர் லிஸ்ட்ல அது கெடையாது'ன்றாரு. யாரு சார் மேற்பார்வ பாக்கறது? நான் தெனம் போறேன். அங்க என்னையும் தவளையையும் தவிர ஒருத்தரையும் காணோம்."

கசிவை யாராவது மேற்பார்வை செய்வார்களா? அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் புத்தகம் எங்கள் பிரிவு தமிழாக்கிய அறிக்கை; ஆங்கில மூலத்தில் 'ஓவர்லுக்' என்று இருந்திருக்கும். பார்க்காமல் விட்டார்கள் என்று பொருள். அதை மேற்பார்வை என்று எழுதக்கூடிய ஆள் இந்த ஜில்லாவில் ஒருவர்தான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் கோதண்டபாணி இதே சொல்லை இப்படியே மொழிபெயர்த்தார். ஓவர் என்றால் மேல், லுக் என்றால் பார்வை, ஆகவே மேற்பார்வை. நான் எழுந்து நின்று, "அப்ப அண்டர்வேர்ன்னா கீழாடையா சார்?" என்றேன். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். வகுப்பெடுக்க வந்தவரே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவர் பெயர் மேற்பார்வை. நான் வைத்த பெயர். "மேற்பார்வை வந்தாச்சா?" "ஓவர்லுக் லீவா?" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லாமல் நான் வேலையைத் தொடங்கியதில்லை.

மூன்றாம் மதகுக்கு நேர் கீழே பாரி நகர் இருக்கிறது. என் மனைவி மங்கை, மகள் தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேதான் இருக்கிறாள். நான்கு வருடமாகிறது. அவளாகத் தேர்ந்தெடுத்த இடம்.

நவம்பர் 12, புதன்

பதினேழரை. நெஞ்சு லேசாக இருக்கிறது.

நிபுணர் குழுவின் ஆங்கில அறிக்கையைப் பதிவறையிலிருந்து எடுத்து வந்தேன். முப்பத்தோராம் பக்கம், இரண்டாம் பத்தி. மூன்றாம் மதகருகே கரையடியில் உள்ள கசிவு, அடுத்தடுத்த ஆய்வுகளில் 'ஓவர்லுக்' செய்யப்பட்டிருக்கிறது என்று இருக்கிறது. பக்கத்தில், ஜூனில் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு நாங்கள் எழுதிய தமிழை வைத்தேன். 'தொடர் ஆய்வுகளில் மேற்பார்வையிடப்பட்டு வந்துள்ளது.' வாக்கியம் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது! தொடர் ஆய்வு என்று முன்னால் இருப்பதால் யாருக்கும் உறுத்தாது. ஒரு சொல்லில், ஆபத்து பாதுகாப்பாக மாறிவிட்டது.

ஆங்கிலம் கொஞ்சம் விஷமம் பிடித்த மொழி. ஓவர்ஸீ என்றால் மேற்பார்வை. ஓவர்லுக் என்றால் கோட்டை விடுவது. ஸீ, லுக் இரண்டும் பார்ப்பதுதான். ஆனால் ஒன்று பொறுப்புக்குப் போனது, மற்றொன்று பொறுப்பின்மைக்கு. இதைக் கோதண்டபாணிக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே இலவசமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து, அதன் நகலோடு மேலே ஒரு மனு போடப்போகிறேன். பிரதிகள் பின் அலமாரியில். சாவி நாளைதான் கிடைக்கும் என்றாள் கணினி இயக்கும் ஜெசிந்தா. "என்னா சார், இன்னிக்கு மொகமெல்லாம் களையா இருக்கு?" என்று கேட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

கையெழுத்து என்னுடையது.

பிற்பகல்:

பச்சை மை. ஜூன் மாதம் பதினேழாம் தேதி. கீழே என் சுருக்கொப்பம். 'மேற்பார்வையிடப்பட்டு' என்ற சொல்லில் அடித்தல் இல்லை, தயக்கம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஏதோ போட்டு அழித்த தடம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கேள்விக்குறி மாதிரித் தெரிகிறது.

ஜூன் பதினேழுக்கான நாட்குறிப்பைப் புரட்டினேன். 'முப்பத்தைந்தாம் பக்கம் வரை முடித்தேன். வெயில். ரசம் புளித்துவிட்டது' என்று இருக்கிறது. அன்று காலை குடும்ப நீதிமன்றத்திலிருந்து தபால் வந்தது. அதை எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

தபாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எப்படி வந்தது என்று எனக்குத் தெரிகிறது. பன்னிரண்டு வருடம் ஒரு சொல்லைக் கேலிக்காகவே சொல்லிக்கொண்டிருந்தால், மனம் வேறெங்கோ இருக்கும் ஒரு நாளில் கை அதை நிஜமென்று நம்பி எழுதிவிடும்.

பதினெட்டரை அடி.

நவம்பர் 14, வெள்ளி

பத்தொன்பதே கால்.

விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினேன். சுருக்கமாக இங்கே:

பதினான்காம் நூற்றாண்டில் அந்த வினைச்சொல்லுக்கு உயரத்திலிருந்து பார்ப்பது என்று பொருள். இன்றும் ஏரியைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் இருந்தால் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். அதிலிருந்து, ஆராய்ந்து பார்ப்பது, கண்காணிப்பது. ஆக, மேற்பார்வை என்ற பொருள் ஒரு காலத்தில் இருந்தது. பிழை என்று யாரும் சொல்ல முடியாது. காணத் தவறுவது என்ற பொருள் பதினாறாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. பார்வை பொருளின் மேலேயே போய் அதைத் தாண்டி விழுகிறது. பிறகு, கண்டும் காணாமல் விடுவது, மன்னிப்பது.

இன்னொரு பொருளும் இருந்திருக்கிறது. பெரிய அகராதியில்தான் கிடைக்கும். கண் வைப்பது. பொறாமையோடு பார்த்து ஒருவனை நாசமாக்குவது. நம் கண்ணேறேதான்.

அந்தக் கடைசிப் பத்தியை விளக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

மழை ஒரு மணி நேரம் நின்றது. நிற்கும்போதுதான் பயமாக இருக்கிறது. ஓசை இல்லாததால் எல்லாம் கேட்கிறது.

நவம்பர் 15, சனி

இருபது. சாப்பிடவில்லை. விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் மதகைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இருபத்தொன்று.

காலையில் குடையோடு ஏரிக்கரைக்குப் போனேன். ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறு பக்கம் கரையின் காலடியில் பாரி நகர். தண்ணீர் மட்டம் வீடுகளின் மொட்டை மாடிக்கும் மேலே நிற்கிறது. நடுவில் இருப்பது மண். இதை இதுவரை நான் பார்த்ததில்லை. இரண்டாம் தெருவில் மங்கையின் தையல் கடைப் பலகை தெரிந்தது. மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் நீல நிறப் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

முனிரத்தினம் கரையடிக்கு இறக்கிக் கூட்டிப்போனார். கசிவில் கையைக் குழித்து அள்ளி என் முன் நீட்டினார். டீ நிறம். தண்ணீர் விரலிடுக்கில் வடிந்த பிறகு உள்ளங்கையில் மண் தங்கியது.

"நேத்து இதுல பாதிதான் சார் இருந்துது."

"நீங்களே மூட்டை அடுக்கக் கூடாதா?"

"நான் ஒண்டி ஆளு. மூட்ட வேணும், ஆள் வேணும், வண்டி வேணும். லிஸ்ட்ல இல்லாத எடத்துக்கு எவன் சார் அனுப்புவான்? புத்தகத்துல எழுதினவன் இங்க வந்து ஒரு நாள் நிக்கணும்."

நான் நின்றுகொண்டிருந்தேன். என் செருப்பு அந்தச் சேற்றில் புதைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மங்கைக்குப் போன் செய்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு.

"தேன்மொழியக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாளைக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்றேன்.

"ஏன்?"

"ஏரி நிரம்புது."

"வருஷா வருஷம் நிரம்புது. அவளுக்குப் புதன்கிழம பரீட்ச. தீபாவளித் துணி தைக்கக் குடுத்ததே இன்னும் பாதி அப்படியே கெடக்கு."

"சொன்னாக் கேளு. கரை சரியில்ல."

"யார் சொன்னா? ஆபீஸ்லேர்ந்து எல்லாம் பாதுகாப்பா இருக்குன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அதுல என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க இந்தத் தடவ? ஒற்று விட்டுட்டாங்களா?"

தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். 'அந்த நோட்டீஸ் தப்பு' என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"உங்களத் தவிர எல்லாரும் தப்புதான்" என்று வைத்துவிட்டாள்.

அவள் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம் பீரோவில் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். ஏழு ஒற்றுப்பிழை, இரண்டு றகரப் பிழை. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். எதற்கு இதை எழுதுகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

இருபத்திரண்டரை.

கரும்பலகையைப் பார்த்துவிட்டு நேராகக் கோதண்டபாணியின் மேசைக்குப் போனேன். ஆங்கிலப் பக்கத்தையும் என் பிரதியையும் முன்னால் வைத்தேன். அந்த வரியில் விரலை வைத்தேன். ஜெசிந்தா தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தேன் சார்" என்றார்.

"எதை?"

"இதைத்தான். ஜூன்லயே. சரிபாக்கறப்போ பென்சில்ல கேள்விக்குறி போட்டேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

"அழிச்சீங்களா? ஏன்?"

"நீங்க எழுதினது சார். உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா? அதுவும் இந்த வார்த்த. எனக்குப் பேர் வச்ச வார்த்த." சிரிக்க முயன்றார், வரவில்லை. "ஒருவேள புது அகராதியில மாத்திட்டாங்களோன்னுகூட நெனச்சேன். உங்ககிட்ட வந்து கேக்கலாம்னு எழுந்தும் எழுந்தேன். கேட்டா இன்னொரு பேர் வைப்பீங்க. பேசாம உக்காந்துட்டேன்."

"மூணாம் மதகு கலங்கி வருது. நேத்து நானே பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். ஏ.ஈ.யிடம் பேசினார். எழுத்தில் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "எழுத்துல பத்து நிமிஷத்துல வரும் தம்பி. அதுக்கு முன்னாடி மூட்டைய அனுப்புங்க. ஜனங்கள வெளிய கூப்பிடுங்க. தப்பு எங்களுது. ஆமா, எங்க பிரிவோடது." எங்களுது என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பிழைத்திருத்தக் குறிப்பை நான் எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார். "சரிபார்த்தவன் நான்தானே சார்" என்றார். மூன்று பக்க விளக்கம் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

வராண்டாவுக்கு வந்து மங்கைக்குப் போன் செய்தேன்.

"மங்கை, நான் தப்பு பண்ணிட்டேன்."

பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"யாரு பேசறது?" என்றாள்.

"நான்தான். அந்த நோட்டீஸ் என் தமிழ் அறிக்கைய வச்சுப் போட்டது. கசிவக் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு இங்கிலீஷ்ல இருந்துது. நான் மாத்தி எழுதிட்டேன். கரை உடைஞ்சாலும் உடையும். கெளம்பு மங்கை. துணியெல்லாம் விடு. கெளம்பு."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ நேரம் இருக்கு?" என்றாள்.

"தெரியல."

"தெரு பூராச் சொல்லணும்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

கரும்பலகையில் இன்று எதுவும் எழுதவில்லை.

கரை காலை பத்தே முக்காலுக்குச் சரிந்தது. மூன்றாம் மதகுக்குக் கிழக்கே, பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு. நேற்று மாலையிலிருந்து அடுக்கிய மூட்டைகளில் பாதி போய்விட்டது, மீதி நின்றது. அதனால் வாய் பெரிதாகவில்லை. பாரி நகர் முதல் இரண்டு தெருவிலும் இடுப்பளவுத் தண்ணீர். நேற்று மாலையே ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். பாதிப் பேர் நேற்றே போய்விட்டார்கள். மீதிப் பேர் இன்று விடிந்து போனார்கள். சிலர் போகவில்லை என்றும் சொன்னார்கள்.

பாரி நகர் ஜனங்களைத் தங்கவைத்திருந்த அரசுப் பள்ளிக்கு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஓடினால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. அங்கே வகுப்பறைகளில் ஜனம். மங்கையின் போன் அணைந்திருந்தது. வராண்டாவில் ஜெசிந்தா பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்காமலே என்னிடம் கொடுத்தாள். ஆறு தாள், நூற்று நாற்பத்து மூன்று பெயர்.

வரிவரியாகப் பார்த்தேன். இல்லை. இரண்டாம் முறை பார்த்தேன். இல்லை. மூன்றாம் முறை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இருபத்தைந்து வருடமாகப் பிழை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்த கண் இது. தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை நாளைக்கு என்றாள், புத்தகத்தை எடுக்கத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் என்ன தோன்றியது என்பதை எழுதமாட்டேன்.

"யாரத் தேடறீங்கப்பா?"

தேன்மொழி. முடி நனைந்து, கையில் வேதியியல் புத்தகம். என்னைவிட உயரமாகிவிட்டாள்.

"உங்களத்தான்" என்றேன்.

"நாங்க இருபத்தாறு, இருபத்தேழு." குனிந்து விரலை வைத்துக் காட்டினாள்.

மங்கையர்க்கரசி, த/பெ ஏகாம்பரம், இரண்டாம் தெரு. தேன்மொழி, தா/பெ மங்கையர்க்கரசி, இரண்டாம் தெரு.

மூன்று முறையும் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். க/பெ தணிகாசலம் என்று எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களை அல்ல, என் பெயரைத் தேடியிருக்கிறேன்.

மங்கை உள்ளே யாரோ ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை. நான்தான் போனேன்.

"தெருவுல எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றேன்.

"வந்துட்டாங்க. கடைசி வீட்டு ரெண்டு பேர நான் சண்ட போட்டு இழுத்துட்டு வந்தேன். யார் சொன்னதுன்னு கேட்டாங்க. எழுதினவரே சொன்னாருன்னேன்." பிறகு குழந்தையின் தலையைப் பார்த்தபடி கேட்டாள். "நான் எழுதி வச்ச லெட்டர இத்தன வருஷத்துல படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"திருத்தினீங்களா?"

தலையாட்டினேன். அவள் சிரித்தமாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

இருபத்து மூன்று. உபரிநீர்க் கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மழை விட்டும் விடாமலும் இருக்கிறது. உடைப்பில் இன்னும் மூட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முனிரத்தினம் இரண்டு நாளாக அந்தச் சேற்றில்தான் நிற்கிறார்.

குறிப்பு அச்சாகி வந்தது. 'பக்கம் 31, பத்தி 2: "மேற்பார்வையிடப்பட்டு வந்துள்ளது" என்பதைக் "கவனிக்காமல் விடப்பட்டுள்ளது" எனத் திருத்தி வாசிக்கவும்.' விசாரணை இருக்கும் என்கிறார் கோதண்டபாணி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்று காலை வாயைத் திறந்தேன். பழக்கத்தில் வேறு பெயர் வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். சிவப்பு மை எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். ஏழு ஒற்று, இரண்டு றகரம். அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லியிருக்க முடியாது.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.